பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

மேலூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் சித்திரை வெயில் எப்படி அடிக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நூறு நாள் வேலை முடிந்து கண்மாய்க் கரையிலிருந்து வரும் பெரியம்மா திண்ணைக்குக்கூடப் போகமாட்டார். நேராகத் தொட்டிக்குப் போய் ரெண்டு சொம்புத் தண்ணியைத் தலையில் ஊற்றிக்கொள்வார். "வெயிலு தாங்கல" என்பார். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் மார்கழியில் வந்தது. நான் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் படிக்க எழுந்தால், பனிக்குள் பெரியம்மா அதே தொட்டியடியில் நின்று முகத்தில் தண்ணி அடித்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட் முதுகு முழுக்க வேர்வை.

"மார்கழியிலயுமா வெயிலு?" என்று சிரித்தேன்.

"உள்ளுக்குள்ள அடிக்குதுடி. ஒனக்கு இப்பத் தெரியாது" என்றார்.

அவருக்கு அப்போது 44 வயது இருக்கும். மூன்று மாதம் வராமல் இருக்கும். பிறகு வந்தால் பத்து நாள், பதினைந்து நாள் நிற்காமல் படும். அடுத்த வருஷம் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "பிள்ளைதான் பெத்தாச்சே, பையை எடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்றார்கள். ரெண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. கர்ப்பப்பை போனது. ரத்தம் நின்றது. வேர்வை நிற்கவில்லை, இன்னும் கூடியது. சங்கிலி திரும்பி வரவே இல்லை.

பெரியம்மாவுக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். அவருக்கு அப்போதும் தெரியாது. இவ்வளவு பேருக்கு, இவ்வளவு வருஷமாக நடக்கிற ஒன்று எப்படிப் பெயர் இல்லாமல் இருக்க முடியும்? அந்தக் கேள்வியில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

1

தமிழில் பெண்ணின் வயதுக்குப் பெயர்கள் குறைவில்லை. உலா இலக்கியத்தைப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இறைவனோ அரசனோ வீதியில் பவனி வர, ஏழு பருவத்துப் பெண்கள் பார்த்து மயங்குவார்கள்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்கள் ஒவ்வொன்றுக்கும் வயது சொல்கின்றன. நூலுக்கு நூல் கணக்கு கொஞ்சம் மாறும். பரவலாகச் சொல்லப்படுவது, பேதைக்கு 5 முதல் 7, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40.

40 முடிந்தால்? பட்டியலும் முடிந்தது. மதுரைச் சொக்கநாதர் மீதும் ஓர் உலா இருக்கிறது. சாமி வீதியில் வருகிறது. 41 வயதுப் பெண் அந்த வீதியில் நிற்கவில்லை என்று அர்த்தமில்லை. முன்வரிசையில் அவள்தான் நின்றிருப்பாள், சூடத்தட்டோடு. ஆனால் பாட்டில் அவளுக்கு இடமில்லை, ஏனென்றால் ஆசைப்படவும் ஆசைப்படப்படவும் தகுதியானவர்களின் பட்டியல் அது.

வயதான பெண்கள் தமிழ் இலக்கியத்தில் இல்லாமல் இல்லை. முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் நெல்லும் பூவும் கொண்டு ஊர்ப்புறம் போய் நற்சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் செய்திக்கு மதிப்பு இருக்கிறது. ஔவையார் இருக்கிறார். ஆனால் ஔவைக் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் வேண்டுகிறாள் இளம்பெண், ஒரே நொடியில் கிழவியாகிறாள். காரைக்கால் அம்மையாரும் அப்படித்தான்: தசையை உதறிவிட்டு நேராகப் பேய் உருவம். கன்னியும் இருக்கிறாள், கிழவியும் இருக்கிறாள். நடுவில் இருக்கிற இருபது வருஷத்தை நம் கதைகள் தாண்டிக் குதித்துவிட்டன.

அந்த இருபது வருஷத்தில்தான் பெரியம்மா தொட்டியடியில் நின்றுகொண்டிருந்தார்.

2

'மெனோபாஸ்' என்ற சொல்லும் அவ்வளவு பழசில்லை. 1821இல் சார்ல் த கார்டான் என்ற பிரெஞ்சு மருத்துவர், மாதம், நிற்றல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உருவாக்கியது. இன்றைய மருத்துவக் கணக்கு இது: தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டது. அதற்கு முந்தைய சில வருஷங்கள், அதாவது சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கித் தள்ளாடும் காலம், 'பெரிமெனோபாஸ்'. திடீரென்று முகமும் கழுத்தும் கொதிப்பது, ராத்திரி வேர்வை, தூக்கமின்மை, படபடப்பு, மூட்டுவலி, காரணமில்லாத எரிச்சல், முறை தவறிய உதிரப்போக்கு எல்லாம் வருவது பெரும்பாலும் அந்தக் காலத்தில். மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51 அளவில். இந்தியப் பெண்களுக்கு அது 46, 47 என்று ஆய்வுகள் சொல்கின்றன.

நம் ஊர்ப் பேச்சில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது, துண்டு துண்டாக இருக்கிறது. "தீட்டு நின்னுபோச்சு." "உடம்பு காந்துது." "ஆவி அடிக்குது." "குப்புனு வேர்த்துக் கொட்டுது." ஒவ்வொன்றும் தனித்தனிப் புகார். காந்தலுக்கு வெயில் காரணம், படபடப்புக்குக் கடன், தூக்கமின்மைக்கு மகள் கல்யாணம். எல்லாவற்றையும் ஒரே நூலில் கோக்க ஒரு சொல் இல்லை.

ஒரே ஒரு அறிகுறிக்கு மட்டும் வலுவான பழைய சொல் இருக்கிறது: பெரும்பாடு. அளவுக்கு மீறிய உதிரப்போக்கை நாட்டு வைத்தியம் அப்படித்தான் அழைக்கிறது. தமிழ் பைபிளில் பன்னிரண்டு வருஷம் ரத்தம் நிற்காமல் அவதிப்பட்ட பெண்ணுக்கும் அதே சொல்தான். அவள் கதையில் எனக்கு மறக்காத விஷயம் இரண்டு. வைத்தியர்களிடம் கையில் இருந்ததையெல்லாம் கொடுத்து முடித்தவள் அவள். கடைசியில் கூட்டத்துக்குள் பின்பக்கமாக வந்து, யாரிடமும் சொல்லாமல், ஆடையை மட்டும் தொடுகிறாள். சொல்லக் கூடாத நோய், காலியான கை. அடகுக்கடை வாசலில் நின்ற பெரியம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் அதிக தூரம் இல்லை.

3

அரசாங்கம் பெண்ணின் கர்ப்பப்பையைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மதுரைச் சீமையில் அது ரொம்பவே கவனித்தது.

மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே அம்பாத்துரைக்குப் பக்கத்தில் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கியவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகள். இளவயதில் விதவையாகி, டெல்லி போய் மருத்துவம் படித்துத் திரும்பியவர். பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த கிராமத்துப் பெண்களுக்கு அங்கே உருவான கஸ்தூரிபா மருத்துவமனை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தப் பக்கத்துப் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். 1959இல் காந்திகிராமத்தின் முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஆத்தூர் வட்டாரத்தில் தொடங்கியது. அன்று அது மதுரை மாவட்டம். வீடு வீடாகப் போவது, குடும்பங்களைப் பதிவது, பிறப்பு விகிதத்தைக் குறைப்பது என்று அங்கே நடந்த வேலை நாடெங்கும் குடும்பக்கட்டுப்பாட்டுக்கு முன்மாதிரியாகப் பேசப்பட்டது.

சௌந்தரத்தின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கவனம் பதிவேட்டின் மேல்தான். நாடு முழுக்கக் கிராமச் சுகாதாரச் செவிலியர் கையில் இருக்கும் அந்தப் பேரேட்டுக்குத் 'தகுதியுள்ள தம்பதியர்' பதிவேடு என்று பெயர். மனைவிக்கு 15 வயதுக்கு மேல், 49க்குள் இருக்க வேண்டும். எத்தனை பிள்ளை, கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, ஆபரேஷன் ஆச்சா? ஆச்சு என்றால் அந்த வீட்டில் வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பெரும்பாலும் முப்பதைத் தொடும் முன்பே. மாதவிடாய் தள்ளாட ஆரம்பிப்பது நாற்பதைத் தாண்டி. இடையில் பதினைந்து வருஷம் அவள் கர்ப்பப்பையைப் பற்றி விசாரித்து யாரும் கதவைத் தட்டுவதில்லை.

தேசியக் குடும்பநல ஆய்வும் அப்படித்தான். 1992-93இல் தொடங்கிய அந்த ஆய்வு இன்று பெண்களிடம் கேள்வி கேட்கும் வயது 15 முதல் 49. பாட்டியல் நூல் 40இல் பட்டியலை மூடியது, ஆய்வு 49இல் மூடுகிறது. அளவுகோல் ஒன்றேதான்: இவளால் இன்னும் பிள்ளை பெற முடியுமா?

நேர்மாறான கணக்கு ஒன்றும் இருக்கிறது. சபரிமலை. 10 முதல் 50 வயதுவரையான பெண்கள் போகக்கூடாது என்ற தடையை 1991இல் கேரள உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் இன்றும் ஐம்பதுக்கு மேல்தான் மாலை போடுகிறார்கள். ஒரு கணக்கு மூடும்போது இன்னொன்று திறக்கிறது. எதிலும் அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்ற கேள்வி இல்லை.

4

"ஆனா நம்ம பொம்பளைங்களுக்கு இதெல்லாம் பெருசா வர்றதில்லையே, நின்னா நிம்மதிதானே?" என்பார்கள். படித்தவர்களும் சொல்வார்கள். இதற்குப் பின்னால் ஒரு ஆய்வு இருக்கிறது.

மார்ஷா ஃபிளின்ட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ராஜஸ்தானிலும் இமாச்சலிலும் 483 ராஜபுத்திரப் பெண்களைச் சந்தித்து, 1975இல் ஒரு கட்டுரை எழுதினார். மாதவிடாய் நிற்பது பரிசா, தண்டனையா என்பது அதன் கேள்வி. அந்தப் பெண்கள் முறை தவறிய மாதவிடாயைத் தவிரப் பெரிய தொல்லை எதையும் சொல்லவில்லை. நின்ற பிறகு முக்காட்டை விலக்கி, கீழே இறங்கி வந்து, ஆண்களோடு உட்கார்ந்து பேச முடிந்தது. ஆகவே அது அவர்களுக்குப் பரிசு. இளமையைக் கொண்டாடும் அமெரிக்காவில் அது தண்டனை. உடம்பை மட்டும் பார்க்காமல் சமூகத்தையும் பார்க்கச் சொன்ன முக்கியமான கட்டுரை அது.

ஆனால் அந்தப் பரிசு யாருக்கு? பூட்டி வைக்கப்பட்டிருந்தவளுக்குத்தான் கதவு திறப்பது பரிசு. மேலூர் வயல்களில் நாற்று நடும் பெண் எப்போது முக்காட்டுக்குள் இருந்தாள்? ஆண்களோடு சமமாக வெயிலில் நின்று, கூலியை மட்டும் குறைவாக வாங்கியவள் அவள். தலித் பெண்ணுக்குத் தீட்டு என்பது மாதத்தில் மூன்று நாள் விஷயமும் இல்லை. மாதவிடாய் நின்றாலும் மேலத்தெருவின் கணக்கில் அவள் தீட்டு நிற்பதில்லை. நின்ற மறுநாளும் அதே வரப்பில்தான் இறங்க வேண்டும், இந்த முறை தூங்காத கண்ணோடும் வலிக்கிற முட்டியோடும். பாமாவின் 'சங்கதி' (1994) படித்தவர்களுக்கு இந்தப் பெண்களைத் தெரியும். ஓய்வு என்பதே இல்லாத உடம்புகள் அதில் பக்கத்துக்குப் பக்கம் பேசுகின்றன.

ஃபிளின்ட் சொன்ன பரிசு நம் பக்கத்தில் இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். மதுரை மாவட்டத்தின் கூவலாபுரத்தில் மாதவிடாய்ப் பெண்கள் ஊரிலிருந்து ஒதுங்கித் தங்க 'முட்டுத்துறை' என்றொரு இடம் இருக்கிறது. மாதாமாதம் அங்கே போய்ப் படுத்தவளுக்கு, இனிப் போக வேண்டாம் என்பது விடுதலை இல்லாமல் வேறென்ன? ஆனால் அந்த நிம்மதி, செய்த கொடுமை நின்றதால் வந்த நிம்மதி. அதை வைத்து அவளுக்கு உடம்பில் ஒரு தொல்லையும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. நிம்மதியும் வேர்வையும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் இருக்கும்.

5

இந்த மௌனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. கர்ப்பப்பை.

2019இல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டம் செய்தியானது. கரும்பு வெட்டப் போகும் பெண்களில் 13,000க்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும். மாதவிடாயும் வெள்ளைப்படுதலும் கூலியைத் தின்றன. டாக்டர்கள் புற்றுநோய் என்று பயம் காட்டினார்கள். 2019-21 குடும்பநல ஆய்வின்படி 15-49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை எடுத்தவர்கள் நாட்டளவில் சுமார் 3 சதவீதம், பக்கத்து ஆந்திராவில் சுமார் 9 சதவீதம். தேவையில்லாத இந்த ஆபரேஷன்களைத் தடுக்க, மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு தொடுத்த மருத்துவர் நரேந்திர குப்தா 2013இலிருந்தே இதற்காக நின்றவர்.

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், மாதவிடாய் நிற்கும் மாற்றம் முழுவதும் ஒரே ராத்திரியில் வந்து இறங்கும். சினைப்பையை விட்டுவைத்தாலும், அது சீக்கிரமே ஓய்ந்துபோக வாய்ப்பு அதிகம். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வேகமாகத் தேயும், இதய நோய் அபாயம் கூடும். நாற்பது வயதில் கல் தூக்குகிறவளுக்கு அது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கட்டிக்கோ புற்றுக்கோ எடுத்தே ஆக வேண்டிய கர்ப்பப்பைகளும் உண்டு. அதனால்தான் ஸ்கேன் எடுத்தார்களா, மாத்திரை கொடுத்துப் பார்த்தார்களா, வேறு வழியே இல்லையா என்று கேட்க வேண்டியிருக்கிறது. பெரியம்மாவுக்காக அதைக் கேட்க அன்று யாரும் இல்லை. எனக்கு வயது பதினாறு. அந்த வார்த்தைகளே எனக்குத் தெரியாது.

6

இந்தக் கதையின் இன்னொரு பாதி உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், மாதவிடாய் நிற்பது ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டால் பெண் என்றும் பெண்ணாக இருக்கலாம் என்று புத்தகம் எழுதி விற்றுத் தள்ளினார். 2002இல் ஒரு பெரிய பரிசோதனை, மார்பகப் புற்று அபாயம் தெரிந்து, பாதியில் நிறுத்தப்பட்டது. எல்லோரும் பயந்து மாத்திரையை விட்டார்கள். வயதையும் உடல்நிலையையும் பார்த்துச் சிலருக்குக் கொடுக்கலாம் என்பது இன்றைய நிலை. இந்த வாதம் முழுக்க வசதியான வெள்ளைப் பெண்ணை மனதில் வைத்து நடந்தது. கருப்பினப் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்று முறையாகப் பார்க்கவே 1990கள் ஆகிவிட்டன.

1996 வாக்கில் அமெரிக்காவின் ஏழு இடங்களில் 3,302 பெண்களைச் சேர்த்து 'ஸ்வான்' என்ற நீண்டகால ஆய்வு தொடங்கியது. 2015இல் அது சொன்னது இது: வெப்பத் தாக்குதலும் இரவு வேர்வையும் வெள்ளைப் பெண்களுக்குச் சராசரியாக ஆறரை வருஷம் நீடிக்க, கருப்பினப் பெண்களுக்குப் பத்து வருஷத்துக்கும் மேல் நீடித்தது. மன அழுத்தம் அதிகமுள்ளவர்களுக்கு அது இன்னும் நீண்டது. ஆர்லைன் ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர் 1992இலேயே இதற்கு ஒரு கருத்தைத் தந்திருந்தார். வெயிலும் மழையும் பட்டுச் சுவர் பெயர்வது மாதிரி, ஓயாத வறுமையும் அவமதிப்பும் பட்டு உடம்பு வயதுக்கு முன்பே தேய்கிறது என்றார். தோலின் நிறம் எதையும் செய்யவில்லை. அந்த நிறத்தை உலகம் நடத்துகிற விதம் செய்கிறது. இந்த வரியைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. ஊர்க் கடைசியில் தெரு வைத்துக் குடியிருப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

அந்தப் பெண்கள் ஆய்வு முடிவுகளுக்காகக் காத்திருக்கவில்லை. 1983இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் பைலி ஏவரி என்பவர் கருப்பினப் பெண்களின் உடல்நலத்துக்காக ஒரு மாநாடு கூட்டினார். அதிலிருந்து ஒரு அமைப்பு பிறந்தது. அதன் அடிப்படை ரொம்ப எளிமை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் உடம்பைப் பற்றி உண்மையைப் பேச வேண்டும். ஒருத்தி பேசினால் இன்னொருத்தி "எனக்கும்" என்பாள். அந்த வட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர், சுய உதவிக் குழு.

7

சுய உதவிக் குழு! மதுரைக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா?

1990களின் தொடக்கத்தில் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் களஞ்சியம் குழுக்கள் முளைத்தன. பின்னால் தானம் அறக்கட்டளை அதை இயக்கமாக வளர்த்தது. அதன் முகமாக ஆனவர் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாத, நிலமில்லாத வயல்கூலி. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய்க் கூலி பேசும் தலைவி. கந்துவட்டிக்கு எதிராகக் குழு குழுவாகப் பெண்களைக் கூட்டினார். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. உலாவில் பெயரில்லாத வயதுப் பெண்கள்தான் அந்தக் குழுக்களைத் தோளில் சுமந்தார்கள். பதிவேடு கைவிட்ட இருபது வருஷத்தில்தான் அவர்கள் வங்கி மேனேஜரிடம் நிமிர்ந்து பேசக் கற்றார்கள்.

வட்டம் இருக்கிறது. முப்பது வருஷமாக அதில் சேமிப்பு, வட்டி, தவணை, தண்ணி, சாராயக்கடை எல்லாம் பேசியாகிவிட்டது. நான் கேட்ட வரையில், இது மட்டும் பேசப்படவில்லை.

போன வருஷம் அம்மாவின் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கணக்கு நோட்டை மூடியதும் சும்மா கேட்டேன்: "யாருக்காச்சும் மார்கழியில வேர்த்திருக்கா?"

சிரித்தார்கள். "இவளுக்கு என்னாச்சு?" என்றது ஒரு குரல். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு அத்தை, "ஃபேன போட்டா அவருக்குக் குளுருதுன்னு திட்டுறாரு, நான் வெளித்திண்ணையிலதான் படுக்கேன்" என்றார். "எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு, ஹார்ட்டுன்னு நெனச்சு ஈசிஜி எடுத்தோம். ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்றார் இன்னொருவர். மூன்றாவதாக ஒருவர், தனக்கு நின்று ரெண்டு வருஷம் கழித்து மறுபடி பட்டதை ரொம்ப மெதுவாகச் சொன்னார். அதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது, ஒரு வருஷம் நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும், எனக்குத் தெரிந்த ஒரே அவசர விதி அதுதான் என்றேன். மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவானது. துணைக்கு ரெண்டு பேர் கிளம்பினார்கள். இருட்டிய பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பெரியம்மாவும் அங்கேதான் இருந்தார். தூணில் சாய்ந்து, ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது, ஏதோ விலைவாசி பேசுகிற மாதிரி, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அப்பவே யாராச்சும் இப்பிடிச் சொல்லியிருந்தா சங்கிலி மிஞ்சியிருக்கும்டி."